சிவப்பு பஸ்ஸுக்குள் ஒளிந்திருந்த பச்சை பஸ்



என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தனியாக பஸ் ஏறி சந்தைக்குப் போய்வரத் தெரியும். எப்படி என்கிறீர்களா? எங்கள் ஊர் வழியாக அப்போது மூன்றே மூன்று தனியார் பஸ்கள் ஓடின. ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று நீலம். சந்தைக்குப் போவது மஞ்சள். அவ்வளவுதான் கணக்கு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பஸ்ஸை ‘காரு’ என்பார்கள். “மஞ்சக் காரு வந்தா சொல்லுடா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, முருங்கைக்காய்க் கட்டைத் தலையில் இருந்து இறக்கி வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் மஞ்சள் பஸ் வரவே இல்லை. அதற்குப் பதில் பளபளவென்று சிவப்பாக ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “என்ன ஆத்தா, ஏறலையா?” என்றார். “நான் மஞ்சக் காருக்கு நிக்கிறேன் தம்பி, நீ போ” என்றார் பாட்டி. பஸ்ஸும் போய்விட்டது. அது அதே பஸ்தான்! பட்டறைக்குப் போய் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தது. எனக்கும் தெரியவில்லை. அப்புறம் மூன்று நாள் எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார், முருங்கைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய்க் கூட்டு!

பஸ்ஸின் நிறம் என்பது வெறும் அழகுக்கு மட்டும்தானா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தச் சாம்பார்தான் நினைவுக்கு வரும்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன்? உலகத்தில் பழைய பஸ்களின் நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வயதானவர்கள். சிலர் பஸ் ஓட்டியவர்கள், சிலர் டிக்கெட் கிழித்தவர்கள், சிலர் சிறுவயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்கள். இத்தகைய ஆர்வலர்கள் ஏராளமாக உள்ள நாடு இங்கிலாந்து. லண்டன் பஸ் என்றால் என்ன நிறம்? “சிவப்பு!” என்று கத்திவிட்டீர்கள் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சிவப்பு பஸ் காக்கியாகவும், பழுப்பாகவும், பச்சையாகவும், வெள்ளியாகவும் இருந்திருக்கிறது. ஒருமுறை நிறமே இல்லாமலும் ஓடியிருக்கிறது!

லண்டனின் முதல் பஸ்ஸை இழுத்தவை குதிரைகள். 1829ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, ஜார்ஜ் ஷில்லிபீர் என்பவர் மூன்று குதிரைகள் பூட்டிய நீண்ட வண்டி ஒன்றை பாடிங்டனில் இருந்து ‘பேங்க்’ என்ற பகுதி வரை ஓட்டினார். அவர் பாரிஸ் நகரத்தில் வண்டி கட்டும் தொழில் செய்தவர். அங்கே பார்த்ததை லண்டனுக்குக் கொண்டுவந்தார். வண்டியின் பெயர் ‘ஆம்னிபஸ்’. லத்தீன் மொழியில் ‘எல்லோருக்கும்’ என்று பொருள். அந்தச் சொல்லின் வாலைத்தான் நாம் இன்றும் ‘பஸ்’ என்கிறோம்!

பிறகு குதிரை பஸ்கள் பெருகின. ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு பெயர். எந்த பஸ் எங்கே போகும் என்பதை மக்கள் நிறத்தை வைத்தே தெரிந்துகொண்டார்கள், என் பாட்டியைப் போல! பஸ்ஸுக்கு வழித்தட எண் போடும் யோசனை அங்கே 1906இல்தான் வந்தது. ‘வேன்கார்டு’ என்ற கம்பெனி அதைத் தொடங்கியது.

சரி, சிவப்பு எப்போது வந்தது? 1907இல். லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி என்று ஒரு பெரிய கம்பெனி. தெருவில் போட்டிக் கம்பெனிகளின் பஸ்கள் நெரிசலாக ஓடின. அந்தக் கூட்டத்தில் தன் பஸ் தூரத்திலேயே தெரியவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் சிவப்பு அடித்தது. அரசரின் கட்டளை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். கடைக்காரர் பெரிய விளக்கு போடுவது மாதிரி, வியாபாரத் தந்திரம்தான்! போட்டிக் கம்பெனிகளை அது மெல்ல மெல்ல விழுங்கிவிட, சிவப்பு நகரத்தின் நிறமாகிவிட்டது.

1910இல் அந்தக் கம்பெனி ‘பி டைப்’ என்ற மோட்டார் பஸ்ஸைத் தயாரித்தது. மாடி பஸ்தான், ஆனால் மாடிக்குக் கூரை கிடையாது. மழை வந்தால் மேலே இருப்பவர்கள் நனைய வேண்டியதுதான்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. போர் வீரர்களை ஏற்றிச்செல்ல லாரிகள் போதவில்லை. உடனே லண்டன் பஸ்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். முதலில் போன பஸ்களுக்கு நிறம் மாற்றக்கூட நேரமில்லை. சிவப்பு நிறத்தோடு, பக்கவாட்டில் விளம்பரப் பலகைகளோடு அப்படியே போர்க்களத்துக்குப் போய்விட்டன! எதிரியின் கண்ணுக்குச் சிவப்பு பஸ் எப்படித் தெரியும்? யோசித்துப் பாருங்கள். சீக்கிரமே காக்கி அடித்தார்கள். கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதில் பலகை அடித்தார்கள். சில பஸ்களின் மேல்தளத்தில் கூண்டுகள் கட்டி, செய்தி கொண்டுபோகும் புறாக்களை வளர்த்தார்கள்.

அந்த பஸ்களில் ஏறியவர்களில் நம்மவர்களும் உண்டு. 1914 அக்டோபரில் பெல்ஜியத்துப் போர்முனைக்குச் சென்ற இந்தியப் படைவீரர்களும் லண்டன் பஸ்களில்தான் அழைத்துச் செல்லப்பட்டார்கள். நம் ஊரில் இரட்டை மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்த இளைஞன் ஒருவன், கடல் கடந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, மாடி பஸ்ஸில் ஏறிப் போருக்குப் போகிறான். இதைப் படித்த நாளில் எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

போர் முடிந்து திரும்பிய பஸ்களில் ஒன்று ‘பி 43’. இது இப்போது லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தின் சொத்து. இன்னொன்று ‘பி 2737’. இதை லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தார் 2014இல் பழுதுபார்த்து எழுப்பினார்கள். முதலில் அழகாகச் சிவப்பு அடித்து லண்டன் தெருக்களில் ஓட்டினார்கள். பிறகு சில மாதங்களிலேயே அதன் மேல் காக்கி அடித்து, ஜன்னலுக்குப் பலகை போட்டு, பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் ஓட்டிச் சென்றார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வகை பஸ்களுக்கு நேர்ந்ததையே மறுபடியும் செய்து காட்டினார்கள்! பார்த்துப் பார்த்துப் பூசிய சிவப்பின் மீது காக்கித் தூரிகையை வைக்க அந்தப் பெயிண்டருக்கு மனசு வந்திருக்குமா? தெரியவில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஆபத்து வானத்தில் இருந்து வந்தது. இரவில் குண்டு விழும் என்பதால் தெருவிளக்குகளை அணைத்துவிட்டார்கள். இருட்டில் மோதிக்கொள்ளாமல் இருக்க, பஸ்களின் ஓரங்களிலும் மட்கார்டிலும் வெள்ளைப் பட்டை அடித்தார்கள். பஸ்களும் போதவில்லை. 1940இல் மற்ற ஊர்களில் இருந்து நூற்றுக்கணக்கான பஸ்களைக் கடனாக வாங்கி ஓட்டினார்கள். அவை தங்கள் ஊர் நிறத்திலேயே ஓடின. ஆகவே சிவப்பையே பார்த்துப் பழகிய லண்டன் மக்கள், நீலமும் பச்சையும் தங்கள் தெருவில் போவதைப் பார்த்தார்கள். அப்புறம் பெயிண்டுக்கே தட்டுப்பாடு. சில பஸ்களுக்குச் சிவப்பு கிடைக்காமல் பழுப்பு நிறம் அடிக்கப்பட்டது.

போர்க்காலத்தில் லண்டனின் பஸ் நிறுவனம் வேறொரு வேலையும் செய்தது. வேறு சில தொழிற்சாலைகளோடு சேர்ந்து ‘ஹாலிஃபாக்ஸ்’ என்ற குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியது. விமானத்தை எதனால் கட்டுவார்கள்? இரும்பைவிட எடை குறைந்த அலுமினியத்தால். அந்த வேலையில் கற்றதை வைத்து, போருக்குப் பிறகு அலுமினியத்தில் ஒரு பஸ் வடிவமைத்தார்கள். அதுதான் உலகப்புகழ் பெற்ற ‘ரூட்மாஸ்டர்’!

அதற்கு முந்தைய பஸ்ஸில் 56 பேர் உட்காரலாம். ரூட்மாஸ்டரில் 64 பேர். ஆனாலும் எடை கூடவில்லை. ஓட்டுநருக்கு பவர் ஸ்டியரிங் இருந்தது. பின்பக்கம் கதவே கிடையாது. திறந்த படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கண்டக்டர் மணியடித்தால் வண்டி நகரும். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி முதல் ரூட்மாஸ்டர், இரண்டாம் எண் தடத்தில் பயணிகளை ஏற்றியது. 1968 வரை மொத்தம் 2,876 வண்டிகள் தயாராயின.

இந்த வண்டியின் வெளித்தோற்றத்தையும் உள் அலங்காரத்தையும் பார்த்துக்கொண்டவர் டக்ளஸ் ஸ்காட் என்ற வடிவமைப்பாளர். வெளியே சிவப்பு. உள்ளே? பக்கச் சுவர்கள் திராட்சை ரசம் போன்ற கருஞ்சிவப்பு, ஜன்னல் ஓரங்கள் இளம்பச்சை, கூரை மங்கிய மஞ்சள். இருக்கைத் துணியில் கட்டம் போட்ட கோலம். பழைய பயணிகளிடம் கேட்டால் வெளிச் சிவப்பை விட இந்த உள்நிறங்களைத்தான் முதலில் சொல்வார்களாம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. தினமும் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு போனது உட்புறத்தைத்தானே!

இப்போது நிறமே இல்லாத பஸ்ஸுக்கு வருவோம். அலுமினியம் இரும்பு போலத் துருப்பிடிக்காது. அப்படியானால் அதற்குப் பெயிண்ட் எதற்கு? பெயிண்டுக்கும் எடை உண்டு, விலை உண்டு, அடிப்பதற்குக் கூலி உண்டு. நல்ல கேள்விதானே? 1961இல் ‘ஆர்.எம். 664’ என்ற பஸ்ஸைப் பெயிண்டே அடிக்காமல், வெறும் தகடு பளபளக்க, சாலையில் விட்டுப் பார்த்தார்கள். முதலில் வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. நாளாக ஆக மங்கி, திட்டுத்திட்டாக, துலக்காத குண்டான் போல ஆகிவிட்டது! கடைசியில் அதற்கும் சிவப்பே அடித்தார்கள்.

வெள்ளி நிறம் மறுபடியும் வந்தது, ஆனால் இந்த முறை வேண்டுமென்றே. 1977இல் எலிசபெத் அரசி அரியணை ஏறி 25 ஆண்டுகள் நிறைந்ததற்காக 25 ரூட்மாஸ்டர்களுக்கு வெள்ளி நிறம் அடித்தார்கள். 1979இல் ஷில்லிபீரின் 150ஆம் ஆண்டு. அதற்காகச் சில பஸ்களுக்கு அவருடைய பழைய வண்டியைப் போலப் பச்சையும் மஞ்சளும் அடித்தார்கள்.

தலைப்பில் சொன்ன பச்சை பஸ் எங்கே என்று தேடுகிறீர்கள், தெரியும்!

1933இல் லண்டன் போக்குவரத்து முழுவதும் ஒரே வாரியத்தின் கீழ் வந்தது. அப்போது ஒரு பாகுபாடு செய்தார்கள். நகருக்குள் ஓடும் பஸ் சிவப்பு. நகரைச் சுற்றியுள்ள கிராமப்புறங்களுக்கு ஓடும் பஸ் பச்சை. ரூட்மாஸ்டரிலும் பச்சை வண்டிகள் உண்டு. 1970இல் கிராமப்புறப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தபோது பச்சை பஸ்கள் அதனோடு போய்விட்டன. சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்துக்கு அவை வேண்டாதவையாகின. லண்டனுக்கோ பஸ் பற்றாக்குறை. ஆகவே பல பச்சை ரூட்மாஸ்டர்களைத் திரும்ப வாங்கி, சிவப்பு அடித்து நகருக்குள் ஓட்டினார்கள்.

அப்படிப்பட்ட பழைய பஸ் ஒன்றை ஆர்வலர் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது எந்தெந்த நிறத்தில் ஓடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, தகட்டில் ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்ப்பார். மேல் பூச்சு கரையும். அதன் கீழே இன்னொரு பூச்சு தெரியும். இன்னும் தேய்த்தால் இன்னொன்று. கடைசியில் வளையம் வளையமாக, வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல நிறங்கள் தெரியும். வெளி வளையம் கடைசியாக அடித்த நிறம். நடுவில் இருப்பது முதல் நிறம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று வந்துகொண்டே இருந்து, திடீரென்று நடுவில் பச்சை எட்டிப் பார்த்தால்? அந்த மனிதர் குதிக்க மாட்டாரா என்ன!

அங்கேதான் சண்டையும் தொடங்குகிறது. பஸ்ஸைப் பச்சையாக்குவதா, சிவப்பாகவே வைப்பதா? “பிறந்தபோது பச்சை, அதனால் பச்சைதான்” என்பார் ஒருவர். “நான் பள்ளிக்கூடம் போனது சிவப்பாக இருந்தபோது, அதனால் சிவப்புதான்” என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதானே? என் வகுப்பாக இருந்தால் கை தூக்கச் சொல்லி ஓட்டெடுத்திருப்பேன். இங்கே பஸ்ஸுக்குக் காசு கொடுத்தவர் சொன்னதுதான் சட்டம்.

இந்த ஆர்வலர்களின் கண் மிகவும் கூர்மையானது. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் காட்டினால்கூட ஏறக்குறைய எந்த ஆண்டு எடுத்தது என்று சொல்லிவிடுவார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் ஒரு பட்டை ஓடும். முதலில் அது பாலேட்டு நிறம். 1960களின் நடுவில் சாம்பல் நிறமாக்கினார்கள். பின்னால் வெள்ளையாக்கினார்கள். பக்கவாட்டில் பொன் எழுத்தில் ‘லண்டன் டிரான்ஸ்போர்ட்’ என்று இருந்தது. 1970களில் அதை எடுத்துவிட்டு வெள்ளை நிற வட்டச் சின்னம் ஒட்டினார்கள். பட்டை எவ்வளவு வெளுப்பு, எழுத்தா சின்னமா என்று பார்த்தாலே போதும், கணக்கு வந்துவிடும்.

இவர்களில் பலர் சிறுவயதிலேயே இப்படித்தான். அங்கே ‘இயன் ஆலன்’ என்ற பதிப்பகம் வண்டி எண்கள் அச்சிட்ட சின்னஞ்சிறு புத்தகங்களை விற்றது. பையன்கள் பஸ் நிலையத்தில் நின்று, பார்த்த வண்டியின் எண்ணுக்குக் கீழே கோடு போடுவார்கள். இதில் என்ன இன்பம் என்று கேட்காதீர்கள். தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்குப் புரியும்.

1985க்குப் பிறகு லண்டனில் தனியார் கம்பெனிகள் தடங்களை ஏலத்தில் எடுத்து ஓட்டத் தொடங்கின. ஆளுக்கொரு நிறம் அடித்தார்கள். பழைய குதிரைக் காலம் திரும்பிவிட்டது போல! பிறகு “பஸ்ஸில் நூற்றுக்கு 80 பங்காவது சிவப்பு இருக்கவேண்டும்” என்று விதி வந்தது. அதற்கும் பிறகு முழுவதும் சிவப்பே என்றாகிவிட்டது. யார் ஓட்டினாலும் சரி, நிறம் நகரத்துக்குச் சொந்தம்.

ரூட்மாஸ்டருக்கு விடைகொடுத்த நாள் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 9. கடைசித் தடம் 159. ‘ஆர்.எம். 2217’ என்ற வண்டி பிரிக்ஸ்டன் டிப்போவுக்குள் நுழைய முடியாதபடி கூட்டம். கேமராவும் கையுமாக வந்தவர்கள், கண் கலங்கியவர்கள் என்று தெருவே நிறைந்திருந்தது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் நான் சொல்லியாகவேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரால் ரூட்மாஸ்டரில் ஏறவே முடியாது. அந்தப் படி உயரம், வழி குறுகல். ஏறக்குறைய 50 ஆண்டுகளாக அவர்கள் அந்த அழகான சிவப்பு பஸ்ஸை நடைபாதையில் இருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்த படியில் இருந்து தவறி விழுந்தவர்களும் உண்டு. புதிதாக வந்தவை தாழ்தள பஸ்கள். சக்கர நாற்காலி நேராக உள்ளே போகலாம். என்னிடம் கேட்டால், பஸ்ஸை நிறுத்தியது சரி, அதற்காக அழுததும் சரி. என் வகுப்பில் கால் ஊனமுற்ற மாணவி ஒருத்தி இருந்தாள். பஸ் படியில் அவளைத் தினமும் அவள் அப்பா தூக்கிவிடுவார். அவளிடம் போய்த் திறந்த படியின் அழகைப் பேச எனக்கு வாய் வராது.

நம் பக்கத்து ஊர்களிலும் இந்தக் கதை உண்டு. லண்டனில் ஓடி ஓய்ந்த மாடி பஸ்கள் நூற்றுக்கணக்கில் இலங்கைக்குப் போய், கொழும்புத் தெருக்களில் மறுபடியும் ஓடின. மும்பையில் 1937இல் வந்த மாடி பஸ்களும் சிவப்புதான். அங்கே பழைய டீசல் மாடி பஸ்ஸின் கடைசி ஓட்டம் 2023 செப்டம்பர் 15இல் நடந்தது. அங்கேயும் மாலை போட்டு, பலூன் கட்டி வழியனுப்பினார்கள். இப்போது மின்சார மாடி பஸ்கள் ஓடுகின்றன. அவற்றுக்கும் சிவப்பே அடித்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மால்டா தீவின் கதை. மத்தியதரைக்கடலில் உள்ள குட்டி நாடு அது. அங்கே ஒவ்வொரு தடத்துக்கும் ஒவ்வொரு நிறம் இருந்தது. எழுத்துத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து ஏறிவிடலாம். பல பஸ்களுக்கு ஓட்டுநரே சொந்தக்காரர். ஆகவே துடைத்து, பொட்டு வைக்காத குறையாக அலங்கரித்து வைத்திருந்தார்கள். 1970களில் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை என்று மாற்றினார்கள். 1995இல் எல்லாம் மஞ்சள். 2011 ஜூலையில் அந்தப் பழைய பஸ்களே நிறுத்தப்பட்டன.

1970களில் ஒரு நாள் காலையில், மால்டாவில் ஏதாவது ஒரு தெருமுனையில், ஒரு பாட்டி கூடையோடு நின்றிருப்பார். வருகிற பஸ் எல்லாம் பச்சை! அவர் என்ன செய்திருப்பார்?

என் பாட்டி என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். அடுத்த சந்தை நாளில் அந்தச் சிவப்பு பஸ் வந்து நின்றதும் ஏறவில்லை. சுற்றிப் போய் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். “அட, நம்ம மீசைக்காரன்தான்!” என்று சொல்லிவிட்டு, முருங்கைக்காய்க் கட்டை என் கையில் கொடுத்து, முதலில் ஏறிக்கொண்டார்.